எந்தக் கடலில் இறங்குவது?

பொத்துவிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது வீட்டின் பின்புறச் சுவரைப் போன்றது. அது அங்கே இருக்கிறது என்று தெரியும். இரவில் அதன் இரைச்சல் கேட்கும். மீன் அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு மேல் அதனோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இருக்கவில்லை. ஏப்ரல் மாதக் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை, அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றவர்கள் நீண்ட பலகைகளைச் சுமந்துகொண்டு எங்கள் ஊரைக் கடந்து உல்லைக்குப் போவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறோம். அறுகம்குடா என்று உலகம் அறிந்த அந்தக் கரை எங்கள் வாசலிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். ஆயினும் 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு நாங்கள் அங்கே முழங்கால் நனைய இறங்கியதில்லை. அன்று காலை எங்கள் குடும்பத்திலிருந்து மூவரைக் கடல் கொண்டுபோயிற்று. எங்களில் ஒருவரின் தங்கையும் அவர்களில் ஒருத்தி.

பிள்ளைகள் இருவரும் அதற்குப் பின்னர் பிறந்தவர்கள். எங்கள் அச்சத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோமே தவிர, அதை அவர்களுக்குள் வைக்க எங்களால் இயலவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மூத்தவன், அலைச்சறுக்குப் பழகவேண்டும் என்று கேட்டபோது நாங்கள் இரண்டு வாரங்கள் பதில் சொல்லவில்லை. நீச்சல் கற்பதை வீண் விளையாட்டுகளின் கணக்கில் சேர்க்காத மார்க்கம் நம்முடையது என்று அவனே எங்களுக்கு நினைவூட்டினான். மறுக்க வழியில்லாமல் நிபந்தனைகள் விதித்தோம். சுபஹைப் பள்ளியில் தொழுதுவிட்டுப் போகவேண்டும். முழங்கால் மறைய உடுத்தவேண்டும். லுஹருக்கு முன் வீட்டில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் சம்மதித்தான். எந்த இடத்தில் இறங்குவாய் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. கடல் ஒன்றுதானே என்று நினைத்திருந்தோம்.

அவன் முதலில் போன இடத்தின் பெயரே வீட்டில் ஒரு சிறு குழப்பத்தை உண்டாக்கியது. பொத்துவிலுக்கு வடக்கே உள்ள அந்தக் கரையை வெளிநாட்டவர் விஸ்கி பொயின்ற் என்று அழைக்கிறார்கள். "எங்க மகன் போறீங்க?" என்று உம்மம்மா கேட்டதற்கு அவன் உண்மையைச் சொன்னான். அவர் கையில் இருந்த தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் எங்கள் கண்ணில் இருக்கிறது. அது இடத்தின் பெயர்தான், வேறொன்றும் இல்லை என்று விளங்கவைக்க ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

பத்து நாட்கள் அங்கே பழகினான். பலகையில் எழுந்து நிற்கவும் கற்றுக்கொண்டான். பத்தாம் நாள் எடுத்த படத்தை நாங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்டோம். பாராட்டுகள் வந்தன. உறவுக்காரப் பையன் ஒருவன், "இனி மெயின் பொயின்றுக்கு வா மச்சான், அதுதான் உண்மையான அலை" என்று எழுதினான். நாங்கள் இருவரும் அதை வாசித்தோம். மறுநாள் காலையில் அவனோடு நாங்களும் போனோம், படம் எடுப்பதற்காக.

மெயின் பொயின்ற் குடாவின் தென்முனையில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் அமைதியாகக் கிடந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று எங்களில் ஒருவர் சொன்னதும் நினைவிருக்கிறது. அவன் துடுப்பிட்டு வெளியே போய் ஐந்து நிமிடங்கூட ஆகியிருக்காது, அடிவானத்தில் கோடு கோடாகக் கடல் உயர்ந்து வந்தது. முதல் அலையை அவன் எப்படியோ தாண்டினான். இரண்டாவதில், ஏற்கெனவே ஒருவர் சறுக்கிக்கொண்டு வருகிறார் என்பதைப் பார்க்காமல் அவர் பாதையிலேயே எழுந்து நின்றான். இருவரும் விழுந்தார்கள். அந்த மனிதரின் பலகைக்கு அடியில் இருந்த துடுப்பு இவன் தலையைக் கிழித்தது. கீழே இருந்த பாறை காலைக் கிழித்தது. யாரோ ஒருவர், இவனால் தன் காலைப்பொழுதை இழந்த அந்த வெளிநாட்டவர்தான், இவனைத் தன் பலகையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தலையில் ஏழு தையல். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

இரத்தம் தோய்ந்த சட்டையை உம்மம்மாதான் கழுவினார். அன்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, "அவன அங்க போகச் சொன்ன யாரு?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இருந்தது, ஆனால் வாய் வரவில்லை. கடற்கரைக்குப் புறப்படும் முன்பே குழுவில் "இன்று மெயின் பொயின்ற்" என்று எழுதியிருந்தவர்கள் நாங்கள். பிள்ளை பெருமைக்காகப் போகவில்லை; அவனை வைத்துப் பெருமைப்பட்டவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தோம்.

காயம் ஆறும்வரை இனிக் கடலே வேண்டாம் என்றுதான் இருந்தோம். தவக்குல் பற்றிய ஜும்ஆ உரைகளில் ஒட்டகத்தைக் கட்டும் கயிற்றைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கடல் விடயத்தில் அந்தக் கயிறு எது என்று அந்த வாரந்தான் முதன்முதலாக யோசித்தோம். தடுப்பது எளிது. ஆனால் அவன் எங்களுக்குத் தெரியாமல் போவான் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கரைவலைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலிருந்தே உடைந்த பலகைகளில் பழகிய ஒரு காக்கா எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் இருக்கிறார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, எழும்பத் தெரியுமா எண்டு நான் கேக்கல்ல. விழத் தெரியுமா எண்டு கேக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் நால்வரையும் மெயின் பொயின்றுக்கே அழைத்துச் சென்றார். யாரையும் தண்ணீரில் இறங்கவிடவில்லை. மணலில் உட்காரவைத்து அரைமணி நேரம் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அளவில் வருவதில்லை. சில பெரிய அலைகள் சேர்ந்து கூட்டமாக வருகின்றன; பிறகு நீண்ட இடைவெளி; பிறகு மீண்டும் ஒரு கூட்டம். நாங்கள் அன்று வந்து சேர்ந்தது அந்த இடைவெளியில். கடலைப் பார்த்ததும் இறங்குகின்றவன் பார்ப்பது பெரும்பாலும் அதன் ஓய்வைத்தான். இறங்கும் முன் குறைந்தது இரண்டு கூட்டங்களாவது கடந்து போகும்வரை காத்திருக்கவேண்டும் என்பது அவர் சொன்ன முதற்பாடம். இத்தனை எளிய விடயத்தை எங்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை, நாங்கள் எவரிடமும் கேட்டிருக்கவும் இல்லை.

அலை எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் விளக்கினார். எங்கள் கரையில் காணும் இந்தப் பருவத்து அலைகள் இங்கே பிறந்தவை அல்ல. தெற்கே, இந்து சமுத்திரத்தின் கடைக்கோடியில் எழும் புயல்கள் அவற்றை எழுப்பிவிட, அவை பல நாட்கள் பயணம் செய்து நம் தீவை அடைகின்றன. கிழக்குக் கரையில் நிலம் முனையாக நீண்டிருக்கும் இடங்களில் அவை முனையைச் சுற்றி வளைந்து, ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு வரிசையாக முறிகின்றன. அதனால்தான் இங்குள்ள பெயர்பெற்ற இடங்கள் யாவும் ஒவ்வொரு முனையைச் சார்ந்திருக்கின்றன. கரையைப் பார்த்து நிற்பவருக்கு எல்லாமே வலப்புறமாக உருளும் அலைகள். ஒரே நாளில், ஒரே அலைக்கூட்டம், ஒரு முனையில் ஆளுயரமாகவும் அடுத்த முனையில் இடுப்பளவாகவும் முறிவது முனையின் வளைவையும் அடித்தரையையும் பொறுத்தது. கடல் ஒன்றுதான் என்ற எங்கள் எண்ணம் அங்கேதான் பிழைத்திருந்தது.

அடித்தரை என்றதும் மூத்தவன் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மெயின் பொயின்றின் கீழே இருப்பது பாறை. அலை நீளமாகவும் ஒழுங்காகவும் முறிவதற்குக் காரணமும் அந்தப் பாறைதான்; விழுகின்றவனைப் பதம்பார்ப்பதும் அதுதான். விழுந்தால் தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழவேண்டும், மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு வரவேண்டும், பலகையை விட்டெறியக்கூடாது. முறிந்து நுரையாகிவிட்ட வெள்ளைத் தண்ணீரில் நிற்பது ஒன்று, முறியாத பச்சை அலையைத் தெரிந்தெடுத்து அதன் முகத்தில் பக்கவாட்டாகத் திரும்பிப் போவது வேறொன்று. இவற்றை எல்லாம் செய்ய இயன்றவனுக்கும் இன்னொரு சட்டம் உண்டு. அலை முறியத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. மற்றவர் விலகி நிற்கவேண்டும். பருவ நாட்களில் மெயின் பொயின்றில் ஓர் அலைக்குப் பல பேர் காத்திருப்பார்கள். அந்த வரிசையை அறியாமல் புகுவது, ஜமாஅத் நிற்கும்போது இடையில் முண்டியடித்து ஸஃப்பில் நுழைவதைப் போன்றது என்று காக்கா சொன்னார். மகனுக்கு அது தைத்தது. மூன்றாம் நாள் அவனே அந்த வெளிநாட்டவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

அதன் பிறகு இரண்டு மாதங்கள் நாங்கள் நால்வரும் கரை கரையாக அலைந்தோம். இதை எழுதுவதற்கான காரணம் அந்த அலைச்சல்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கேட்காவிட்டாலும் நாளை கேட்பார்கள். அப்போது பெற்றோருக்கு இடங்கள் தெரிந்திருக்கவேண்டும்.

மெயின் பொயின்றுக்கு உட்புறமாக, குடாவின் மணற்கரையை நெருங்கிய பகுதியை பேபி பொயின்ற் என்கிறார்கள். முனையைச் சுற்றி வரும் அலை அங்கே தன் வேகத்தை இழந்து சிறிதாகிவிடுகிறது. பெயரை நம்பிக் குழந்தைகளை விட்டுவிடக்கூடாது. தண்ணீர் ஆழம் குறைவு, இடையிடையே பாறையும் உண்டு. காலில் சப்பாத்து அணிந்து, துணைக்கு ஒருவர் நின்றால் தொடக்கத்துக்கு உகந்தது. ஆனால் தங்குவிடுதிகளுக்கு முன்னாலேயே இருப்பதால் கூட்டமும் அங்கேதான். எங்கள் மகளுக்கு அந்தக் கூட்டமும் சூழலும் ஒவ்வவில்லை, எங்களுக்கும்தான்.

தெற்கே பாணமை வீதியில் போனால் யானைப்பாறை வருகிறது. எலிபன்ற் ரொக் என்று பயணிகள் சொல்வது அதைத்தான். மணற்தரை, விழுந்தாலும் பயமில்லை. பயம் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் களப்புகளில் முதலைகள் உண்டு. 2017 இல் ஒரு வெளிநாட்டு இளைஞர் அங்கே உயிரிழந்ததை ஊரே அறியும். கடலில் குளித்த உப்பைக் களப்பில் கழுவலாம் என்று எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம். அந்தி சாய்ந்தால் யானைகளும் வரும். நாங்கள் ஒருமுறை போனோம், பத்து மணிக்கு முன்னரே திரும்பிவிட்டோம்.

அதற்கும் தெற்கே பீனற் ஃபார்ம், அதாவது கச்சான் தோட்டம். ஒரே கரையில் இரண்டு விதமான அலைகள் இருப்பது அதன் சிறப்பு. உட்புறம் பழகுகின்றவர்களுக்கு, முனைப்பக்கம் வேகமாகச் சுருண்டு முறிவது, ஓரளவு தேர்ந்தவர்களுக்கு. தம்பி தங்கைகளோடு போகும் குடும்பத்துக்கு இது வசதி, எல்லோரும் ஒரே இடத்தில் கண்பார்வையில் இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் நிலக்கடலையும் கச்சான்தான், மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும் கச்சான்தான். அலைச்சறுக்குக்கு இரண்டாவது கச்சான் மிக அவசியம் என்று காக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழுவழுப்பாக வைத்திருக்கும். பொழுது ஏறிக் கடற்காற்று எழுந்துவிட்டால் அந்த முகம் கலைந்துவிடும். ஆகவே நல்ல அலை கிடைப்பது விடியற்காலையில். சுபஹ் தொழுதுவிட்டு நேரே புறப்படுகின்றவனுக்கே அது வாய்க்கிறது. முதல்நாள் இரவு கேளிக்கையில் கழித்தவர்கள் எழுந்து வருவதற்குள் எங்கள் பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் விதித்த நிபந்தனை எங்களை அறியாமலே சரியாக அமைந்த ஒன்று.

வடக்கே பொத்துவில் பொயின்ற் இருக்கிறது. இந்தப் பகுதி அலைகளில் மிக நீளமாகப் போவது அது. ஆனால் கடல் போதுமான அளவு எழும்பினால் மட்டுமே நன்றாக முறியும். இல்லாத நாட்களில் மணலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வரலாம். லைட்ஹவுஸும், தெற்கே குமணக் காட்டோரத்து உகந்தையும் தூரம். உதவிக்கு ஆள் குறைவு. பழகிய பெரியவர்கள் போகட்டும்.

விஸ்கி பொயின்றுக்குத்தான் நாங்கள் மீண்டும் மீண்டும் போனோம். அங்கே அலை மெதுவாக எழுந்து, மெதுவாகச் சாய்ந்து, புதியவர் எழுந்து நிற்க அவகாசம் கொடுக்கிறது. முனையில் பாறை உண்டு, உட்புறம் மணல். மற்ற இடங்கள் தூங்கும் நாட்களிலும் அங்கே சிறிய அலை கிடைப்பதுண்டு. எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மென்பலகை எடுத்துக்கொண்டால் போதும்; குட்டையான கடினப் பலகை தேர்ந்தவர்களுக்கு உரியது. ஆனாலும் எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. வானிலைத் தகவலில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவது நாங்கள் செய்த இன்னொரு பிழை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான வினாடிகளையும் பார்க்கவேண்டும். ஒரு மீற்றர் அலை எட்டு வினாடிக்கு ஒன்றாக வந்தால் அது அருகில் எழுந்த சில்லறை அலை. அதே ஒரு மீற்றர் பதினைந்து வினாடி இடைவெளியில் வந்தால், அது தொலைவிலிருந்து பலத்தைச் சுமந்து வருவது. முனையில் உயர்ந்து எழும். அப்படிப்பட்ட நாட்களில் மகளைக் கரையில் இருத்திவிடுவோம்.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. காக்காவுக்குத் தலை கிழிந்த அன்று அவளும் கரையில் நின்றிருந்தாள். "எனக்குப் பயம், ஆனா பழகணும்" என்று அவள் சொன்னதை முதலில் விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். பெண்பிள்ளை கடலில் இறங்குவதைப் பற்றி உறவினர் சிலருக்கு மனக்குறை இருந்தது. எங்களுக்கும் கேள்விகள் இல்லாமல் இல்லை. 2018 இல் இங்கே பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் குழு தொடங்கப்பட்டது. இலங்கையில் அதுவே முதலாவது. அதில் முஸ்லிம் பெண்களும், தாய்மாரும் இருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். உடல் முழுதும் மறையும் நீச்சல் உடையும் தலைமூடியும் வாங்கினோம். விடியற்காலையில், ஆள் குறைந்த கரையின் ஓரத்தில், தாயார் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையைப் பிடிக்க அவள் பழகினாள். இருபத்திரண்டு ஆண்டுகள் கடலில் கால் வைக்காத தாயார்.

ஒவ்வொரு நாளும் அவள் மணலில் உட்கார்ந்து அலைகளை எண்ணுவாள். "இன்டைக்கு எனக்குச் சரிவராது வாப்பா" என்று எழுந்துவிடும் நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த காசை நினைத்து எங்களுக்குச் சற்று எரிச்சலாக இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்காவது வாரம் அவள் முதல் பச்சை அலையை எடுத்தாள். படம் எடுக்க எங்கள் கையில் தொலைபேசி இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டு வரும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

மூத்தவன் செப்டம்பர் கடைசியில் மீண்டும் மெயின் பொயின்றுக்குப் போனான். முக்கால்மணி நேரம் பார்த்தான். அலை பெரிதாக இருந்தது. அவனை அன்று அழைத்த அதே உறவுக்காரப் பையன் தண்ணீரிலிருந்து கையசைத்தான். இவன் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு பேபி பொயின்றுக்கு நடந்தான். வழியில் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒக்டோபர் முதல் வாரத்தில், மழைக்காற்று தொடங்கும் முன், உம்மம்மா தானும் வருவதாகச் சொன்னார். கரைக்கு வரவில்லை, தாழம்புதர் ஓரத்து நிழலில் பாயைப் போட்டுக்கொண்டு இருந்தார். பிள்ளைகள் திரும்பி வரும்வரை தஸ்பீஹ் விரல்களில் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு பிள்ளைகள் பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்து கேட்டார்:

"இன்டைக்கு எந்தக் கடல் மகன்?"